கயிறு கட்டிய கையும் மூன்று விஸ்கி ஆலைகளும்

எடின்பரோ விமான நிலையத்தில் எல்லோரும் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் என் வீட்டுக்காரரின் வலது மணிக்கட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். உள்ளே ஸ்வெட்டர், மேலே கோட்டு, அதற்கும் மேலே எங்களைக் கூட்டிவந்த கம்பெனிக்காரர்கள் கொடுத்த மழைச்சட்டை. எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுப் பார்த்தேன். கயிறு இருந்தது.

"இருக்குட்டி. எங்கயும் போவல" என்றார்.

இந்தக் கயிற்றைப் பற்றிச் சொல்லாமல் ஸ்காட்லாந்தைப் பற்றிச் சொல்ல என்னால் முடியாது. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் குடியை விட நினைக்கிறவர்கள் கோயிலில் சத்தியம் செய்து கையில் கயிறு கட்டிக்கொள்வார்கள். கயிறு கையில் இருக்கும்போது ஒரு சொட்டு உள்ளே போனாலும் ரத்தமாகக் கக்க வேண்டியதுதான் என்று நம்பிக்கை. ஆறு மாதம், ஒரு வருடம் என்று தவணை வைத்துக் கட்டி, தவணை முடிந்த அன்றே கடைக்கு ஓடுகிறவர்களும் உண்டு. இவர் தவணை வைக்காமல் கட்டிக்கொண்டார். ஆறு வருடம் ஆகிறது.

அதற்கு முந்தைய காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பம்பாயில் மாஹிம் ஸ்டேஷன் வாசலில் செருப்பில்லாமல் கிடந்தவரை டாக்சியில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். "கடையில லேட்டாயிட்டு" என்ற ஒரே பொய்யை எத்தனை விதமாகச் சொல்லலாமோ அத்தனை விதமாகவும் கேட்டிருக்கிறேன். கடைசியில் ஈரல் கெட்டுப் படுத்தபோது, இனிமேல் குடித்தால் என்னிடம் கூட்டிவராதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாட்டுங்காவில் குடியை விட்டவர்கள் கூடிப் பேசுகிற கூட்டம் ஒன்று நடக்கிறது, அங்கே போகச் சொன்னார். இவர் போகவில்லை. "கயிறு இருக்கும்போது பேச்சு என்னத்துக்கு?" என்றார். அதுவும் சரிதான் என்று நானும் விட்டுவிட்டேன்.

இவருக்குத் தாராவியில் பெயிண்ட் கடை. நான் அங்கேயே மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் டீச்சர். குடியிருப்பது செம்பூரில். நிறைய விற்கிற டீலர்களைப் பெயிண்ட் கம்பெனி வருடா வருடம் வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகும். மற்ற வருடங்களில் பாங்காக், துபாய் என்று போவார்கள். நாங்கள் தேர்வான வருடம் பார்த்து எந்தப் புண்ணியவானுக்கோ பாரம்பரியச் சுற்றுலா என்று தோன்றிவிட்டது. இரண்டு கோட்டை, மூன்று விஸ்கி ஆலை.

வேண்டாம் என்றேன். "கடைக்குள்ளயே கெடந்து கெழவனாயிட்டேன். ஒரு தடவ பிளேன்ல ஏறக் கூடாதா?" என்று கேட்டார். மனைவிமாரும் வரலாம் என்றார்கள். போலீஸ்காரி மாதிரி கூடவே கிளம்பினேன்.

முதல் நாள் எடின்பரோ கோட்டை. பெரிய பாறை, அதன் மேல் கோட்டை, அதன் மேல் மழை. ஜூன் மாதம் என்றார்கள், எனக்குப் பல் கிட்டித்தது. தாராவிக்குள்ளும் ஒரு கோட்டை உண்டு. காலா கிலா, அதாவது கறுப்புக் கோட்டை என்று பஸ் ஸ்டாப்புக்கே அதன் பெயர்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. இங்கே ஒவ்வொரு பீரங்கிக்கும் ஒரு பலகை வைத்து, அதற்கு ஒரு கதை சொல்லி, அதன் முன்னால் நம்மை நிற்க வைத்துப் படமும் எடுக்கிறார்கள்.

கோட்டையிலிருந்து இறங்குகிற தெருவில்தான் எனக்குப் பயம் பிடித்தது. நம் ஊரில் மெடிக்கல் ஷாப் இருப்பதுபோல அங்கே விஸ்கிக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் தங்கக் கலரில் வரிசை வரிசையாகப் பாட்டில்கள், அதற்குள் விளக்கு வேறு. ஒரு கடை வாசலில் சிரித்த முகமாக ஒரு பெண், தட்டில் சின்னச் சின்னக் கிளாஸ்களை வைத்துக்கொண்டு போகிற வருகிறவர்களுக்கெல்லாம் நீட்டிக்கொண்டிருந்தாள். கோயில் வாசலில் சுண்டல் கொடுப்பதுபோல இருந்தது. நான் இவரைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்தேன். எதிர்ப்பக்கமும் அதே கடைதான்.

"ஏங்க, கீழ பாத்து நடங்க, வழுக்கும்" என்றேன்.

"வழுக்காது. நீ கைய விடு, எல்லாரும் பாக்காங்க" என்றார்.

சாப்பாட்டில் எனக்கு வேறொரு பயம். எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சேர்ப்பதில்லை. இவர் நாக்கு எல்லாவற்றுக்கும் தயார், ஆனால் கயிறு கட்டிய கையால் அதைத் தொடக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். காலை உணவில் கறுப்பாக வட்டமாக ஒன்றை வைத்தார்கள். என்ன என்று கேட்டேன். ரத்தத்தை உறைய வைத்துச் செய்தது என்றாள் பரிமாறிய பெண், ஏதோ ரவா உப்புமா என்று சொல்வதுபோல. அன்றிலிருந்து தட்டில் எது வந்தாலும் மாடு உண்டா, பன்றி உண்டா, கொழுப்பு உண்டா என்று இங்கிலீஷில் விசாரித்துவிட்டுத்தான் இவர் பக்கம் நகர்த்தினேன். நான் கேட்டுக் கேட்டு, எங்கள் கூட்டத்திலிருந்த குஜராத்திப் பெண்கள் தங்கள் தட்டையும் என்னிடமே காட்டிப் போக ஆரம்பித்தார்கள்.

இரண்டாம் நாள் பஸ்ஸில் வடக்கே கிளம்பினோம். மலை, ஏரி, மறுபடியும் மலை. ஆள் நடமாட்டமே இல்லை. தாராவியில் மூச்சு விட்டால் அடுத்தவன் கழுத்தில் படும், இங்கே மைல் கணக்கில் ஆடுகள் மட்டும். மழை வலுத்தபோது பஸ்ஸின் வைப்பர் நின்றுபோனது. டிரைவர் தாத்தா தலையை ஆட்டிக்கொண்டு ஓரங்கட்டினார். ஒதுங்குவதற்குக் கூரை போட்ட கட்டடம் அந்த ரோட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது சாராயக் கடை. அவர்கள் பப் என்கிறார்கள்.

எல்லோரும் சந்தோஷமாக உள்ளே ஓடினார்கள். எங்களைக் கூட்டிவந்த கம்பெனி மேனேஜர் கிருஷ்ணன் சார் முதல் ஆளாக ஓடினார். அவர் மாட்டுங்காக்காரர், பாலக்காட்டுக் குடும்பம், விஸ்கியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சங்கீதக் கச்சேரிக்கு விமர்சனம் சொல்வதுபோலச் சொல்வார். நல்ல மனுஷர்தான். அதுதான் எனக்கு இன்னும் பயம். கெட்டவன் கூப்பிட்டால் இவர் போகமாட்டார்.

நான் டீக்குச் சொல்லிவிட்டுத் திரும்பினால் இவர் நாற்காலியில் இல்லை. பாத்ரூம் போயிருப்பார் என்று உட்கார்ந்திருந்தேன். டீ வந்தது, ஆறியது, இவர் வரவில்லை. பாத்ரூமுக்கு வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். கவுன்டரில் முதுகைக் காட்டி நின்ற ஒவ்வொரு ஆணையும் முன்னால் போய்ப் பார்த்தேன். ஆறு வருடமாக இப்படித் தேடவில்லை, ஆனால் எனக்குப் பழகிய தேடல்.

கடைசியில் ஜன்னல் வழியாகத்தான் தெரிந்தார். கொட்டுகிற மழையில் பஸ்ஸின் முன்னால் நின்று, வைப்பரைச் சரிசெய்துகொண்டிருந்த டிரைவர் தாத்தாவுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார். இவர் முழுக்க நனைந்திருந்தார்.

"உள்ள வாடை ஒருமாதிரி இருந்துச்சு. அதான் வெளிய வந்துட்டேன்" என்றார். சொல்லிவிட்டாவது போகக் கூடாதா என்று சண்டை போட்டேன். சண்டை போடும்போதே அழுகை வந்துவிட்டது.

அன்று மத்தியானம் முதல் ஆலை. வெள்ளையடித்த சுவர், பக்கத்தில் ஓடை, வாசலில் பூத்தொட்டி. விஸ்கி ஆலை என்று தெரியாவிட்டால் பால்வாடி என்று நினைத்துக்கொள்ளலாம். சுற்றிக்காட்டிய பெண்ணுக்கு எங்கள் பள்ளி ஹெட்மிஸ்ட்ரஸ் வயது இருக்கும். அரசாங்கத்துக்குத் தெரியாமல் மலைக்குள் சாராயம் காய்ச்சிய காலத்தைச் சொன்னாள். "அதிகாரிகள் வந்தால் பீப்பாயைச் சவப்பெட்டிக்குள் வைத்து, சுற்றி நின்று அழுவார்கள்" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தாராவியில் எங்கள் சந்திலும் காய்ச்சினார்கள். டயர் ட்யூபில் அடைத்து வயிற்றில் கட்டிக்கொண்டு பிள்ளைத்தாச்சி போலப் பெண்கள் நடந்து போவார்கள். விசில் சத்தம் கேட்டால் எல்லா வீட்டுக் கதவும் மூடும். அதைக் குடித்துக் கண் போனவர்களும் எங்கள் சந்தில் உண்டு. எங்கள் சாராயத்துக்கு யாரும் பலகை வைக்கவில்லை, வைக்கவும் வேண்டாம்.

பெரிய மரத்தொட்டிகள் இருந்த கூடத்துக்குள் நுழைந்ததும் இவர் நின்றுவிட்டார். தொட்டிக்குள் பார்லிக் கஞ்சி நுரைத்துக்கொண்டிருந்தது. "ஆப்பமாவு புளிச்ச வாடைல்லா" என்றார். குரல் சாதாரணமாக இல்லை. அடுத்தது பீப்பாய்கள் அடுக்கிய இருட்டுக் கிடங்கு. பீப்பாயிலிருந்து வருடா வருடம் கொஞ்சம் ஆவியாகப் போய்விடுமாம், அதைத் தேவதைகளின் பங்கு என்பார்களாம். இதை நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் இவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஏட்டி, மூச்சுல போனா கயித்துக்குக் கணக்கா?"

சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. மூச்சு கணக்கில்லை என்றேன், ஏதோ அந்தச் சாமியே என்னிடம் சொல்லியனுப்பியதுபோல. அப்படியும் இவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டேதான் நடந்தார். எனக்கு அதைப் பார்க்க நிம்மதியாக இருந்தது. இவ்வளவு பயம் இருக்கிறவர் தொடமாட்டார்.

ருசி பார்க்கிற அறையில் இவர் வேண்டாம் என்று சொன்னதும் அந்தப் பெண் கனிவாகச் சிரித்தாள். "வண்டி ஓட்டுகிறீர்களா? பரவாயில்லை, உங்கள் பங்கை வீட்டில் போய்க் குடியுங்கள்" என்று சுண்டுவிரல் உயரத்தில் ஒரு பாட்டிலை இவர் கையில் வைத்தாள். அங்கே அது வழக்கமாம். இவர் என்ன செய்வது என்று தெரியாமல் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். கொடுத்துவிடுங்கள் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் இரண்டாவது ஆலையிலும் அதேபோல ஒன்று. இவர் நடக்கும்போது பைக்குள் இரண்டும் கிண்கிண் என்று இடித்துக்கொண்டன. பஸ்ஸில், கோட்டை இடிபாடுகளில், ஏரிக்கரையில், எங்கே போனாலும் எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்டது.

அந்த மூன்றாம் நாள் சாயங்காலம் பழைய விடுதி ஒன்றில் சாப்பாடு. வெளியே வெயில் மத்தியானம் போல அடித்தது. அந்த ஊரில் ஜூனில் சூரியன் வீட்டுக்குப் போகவே மனமில்லாமல் நிற்கிறது. சாப்பிட்டு முடித்ததும் கண்ணாடிக் கிண்ணத்தில் இனிப்பு வந்தது. வெள்ளை வெளேரென்று கிரீம், மேலே சிவப்புப் பழம், நடுவில் வறுத்த ஓட்ஸ். பார்த்தால் பம்பாயில் தயிரில் செய்கிற நம்ம ஸ்ரீகண்ட் மாதிரி. பரிமாறியவளை நிறுத்தி என் பாடத்தை ஒப்பித்தேன். மாடு? இல்லை. பன்றி? இல்லை. கொழுப்பு, ஜெலட்டின்? "எதுவும் இல்லை, கண்ணே. நிம்மதியாகச் சாப்பிடு" என்றாள்.

மூன்று நாளில் முதல்முறையாக எனக்கு நிம்மதி வந்தது. கிண்ணத்தை இவர் பக்கம் நகர்த்தினேன். எனக்குச் சுகர் இருக்கிறது, அதனால் என் கிண்ணத்தையும் நகர்த்தினேன். இவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தார். பாவம், பிடித்ததை மூன்று நாளாகச் சாப்பிடவே இல்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிரே கிருஷ்ணன் சார் ஸ்பூனை வாயில் வைத்துக் கண்ணை மூடினார். "ஆஹா, விஸ்கிய என்ன தாராளமா விட்டிருக்கா பாருங்கோ. இந்த ஊர் ஸ்வீட்டே இதான் டீச்சர், விஸ்கி இல்லாம பண்ணவே மாட்டா."

மாட்டைக் கேட்டேன், பன்றியைக் கேட்டேன், ஜெலட்டினைக் கூடக் கேட்டேன். விஸ்கி ஆலை பார்க்க வந்த ஊரில், விஸ்கி உண்டா என்று நான் கேட்கவில்லை.

இவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். இரண்டு கிண்ணமும் காலி. எழுந்து அறைக்குப் போனார், நான் பின்னால் ஓடினேன். பாத்ரூமில் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் துண்டை வைத்துக்கொண்டு கதவருகில் நின்றேன். இரண்டு பேரும் ரத்தத்துக்காகக் காத்திருந்தோம். படித்தவள், பிள்ளைகளுக்கு அறிவியல் பாடமும் எடுக்கிறவள், நானும் காத்திருந்தேன். என் கையாலேயே கொடுத்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"வயித்துல ஏதோ செய்யுதுட்டி."

"எங்க வலிக்கு?"

"வலிக்கல. செய்யுத மாதிரி இருக்கு."

ஒன்றும் செய்யவில்லை. கீழே எங்கள் ஆட்கள் பாட்டுப் பாடிச் சிரிப்பது கேட்டது. இவர் வாயைக் கொப்பளித்தார், கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தார், பிறகு கட்டிலில் உட்கார்ந்து கயிற்றை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணும் ஆவலியேட்டி" என்றார் மெதுவாக.

அதைக் கேட்டதும்தான் நான் உண்மையாகவே பயந்தேன். ரத்தம் வந்திருந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். ஒன்றும் ஆகாததற்கு எங்கே ஓடுவது? ஆறு வருடமாக இவரைப் பிடித்து வைத்திருந்தது அந்த ஒரு பயம்தான். அது வெறும் நூல் என்று நான் இவருக்கு இரண்டு கிண்ணத்தில் நிரூபித்துக் காட்டிவிட்டேன்.

மறுநாள் மூன்றாவது ஆலை. உள்ளே இவர் மூக்கைப் பொத்தவில்லை. கிடங்கில் மற்றவர்களைப் போலவே நிமிர்ந்து நடந்தார், நன்றாக மூச்சை இழுத்து விட்டார். நான் கோட்டுப் பையைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். கிண்கிண் சத்தம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

ருசி பார்க்கிற அறையில் நீள மேஜை. இவர் ஒதுங்கவில்லை, எல்லோரோடும் வரிசையில் உட்கார்ந்தார். இவர் முன்னாலும் ஒரு கிளாஸ் வைத்தார்கள். அடியில் கொஞ்சமாக, தேன் கலரில்.

"அண்ணாச்சி, ஒரு சொட்டு நாக்குல வைங்கோ போதும். குடிக்கறதுன்னு நெனைக்காதேங்கோ, இது சரித்திரம்" என்றார் கிருஷ்ணன் சார்.

இவர் கிளாஸை எடுத்தார். கோட்டுக் கை கீழே இறங்கிக் கயிறு வெளியே தெரிந்தது. இவர் கயிற்றையும் பார்த்தார், கிளாஸையும் பார்த்தார். பிறகு கிளாஸை மேஜையில் வைத்துவிட்டு, "செல்வி, வெளிய வா" என்றார். எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது.

வெளியே காற்று ஆளைத் தள்ளியது. சுவரோரம் போய் நின்றோம்.

"மொத வாயிலயே தெரிஞ்சிட்டுட்டி" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "என்னது?"

"நேத்து. அந்த ஸ்வீட்டு. மொத வாயிலயே தெரிஞ்சிட்டு, உள்ள என்ன இருக்குன்னு."

"பின்ன எதுக்குச் சாப்பிட்டீங்க?"

"நிறுத்த முடியல." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நீ ஒன் கிண்ணத்தையும் தள்ளுன. எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? செத்தாலும் சாவோம்னு தின்னேன். கயிறு ஞாபகம் இருந்துச்சு. இருந்தும் தின்னேன்."

கோட்டின் உள்பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய இரண்டு பாட்டில்களை எடுத்து நீட்டினார். நான் வாங்கி மூடியைத் தடவிப் பார்த்தேன். வெளிச்சத்தில் தூக்கி அளவைப் பார்த்தேன். நான் செய்வதை இவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பாரு. நல்லாப் பாரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இரண்டு மூடியிலும் சீல் உடையவில்லை.

இத்தனை வருடத்தில் இவர் குடித்ததை நான்தான் கண்டுபிடித்திருக்கிறேன். இவராக வந்து சொன்னது இதுதான் முதல் தடவை. சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்துதான் இருந்தது. பாட்டில்களைக் கொண்டுபோய் ஆலைக் கவுன்டரில் வைத்தேன். அங்கிருந்த பெண் பதறிப்போய், "நன்றாக இல்லையா?" என்று கேட்டாள். மிகவும் நன்றாக இருக்கிறது, அதனால்தான் என்று சொன்னேன்.

பம்பாய் திரும்பியதும் ஊருக்குப் போய்ப் புதுக் கயிறு கட்டலாமா என்று கேட்டேன். "கெடக்கட்டும், இதே போதும். நீ டாக்டர் சொன்ன அந்த மாட்டுங்கா கூட்டம் எங்கன்னு கேளு" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனோம். இவர் உள்ளே போனதும் நான் எதிரே இருந்த பூக்கடைகள் ஓரமாக நின்றேன். மல்லிகைப் பூவை விலை கேட்டேன், வாங்கவில்லை, மறுபடியும் அதே கடையில் கேட்டேன். பூக்காரம்மா என்னை ஒருமாதிரியாகப் பார்த்தாள். பின்கதவு வழியாகப் போயிருப்பாரோ என்றுகூட நினைத்தேன்.

முன்கதவு வழியாகத்தான் வந்தார்.

"உள்ள என்ன பேசுனீங்க?"

"ரெண்டு கிண்ணம்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க. பொறவு ஒரு ஆளு எந்திரிச்சு, நான் மறுபடி விழுந்தது இருமல் டானிக்குலன்னான். அடுத்தவன் வாய் கொப்பளிக்குற மவுத்வாஷுலன்னான்." இவரும் சிரித்தார். "அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்காங்க."

ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒயின் ஷாப் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் ரோடு வரைக்கும் நின்றது. நான் வழக்கம்போல எதிர்ப்பக்கம் இழுக்கலாம் என்று கையை நீட்டினேன். அதற்குள் இவரே என் கையைப் பிடித்துக்கொண்டார். கயிறு கட்டிய கை. வேர்த்து நனைந்திருந்தது, நடுங்கிக்கொண்டிருந்தது. என் வளையல் சதையில் அழுந்தும்படி இறுக்கிப் பிடித்தார். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று இந்த முறை சொல்லவில்லை.

இந்தப் பயம் எனக்கு மட்டும்தான் என்று இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். கடையைத் தாண்டும்வரை இவர் விடவில்லை, தாண்டிய பிறகும் நான் விடவில்லை.